டேஷ்போர்டு 10.4 என்கிறது, கைக்கணக்கு 9.2 என்கிறது, 5 லிட்டர் எங்கே போனது?

ரெண்டு சீட்டு:

வணக்கம். என்னிடம் இருப்பது 2002 மாடல் ரெண்டு சீட்டு வண்டி, 3 லிட்டர் வி6, மேனுவல் கியர். கம்பெனி பெயர் வேண்டாம், சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவிட்டு மைலேஜ் பார்க்கிறாயே என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். மைலேஜ் குறைவாக இருப்பது எனக்குக் குறையே இல்லை, இரண்டு எண்கள் ஒத்துப்போகாமல் இருப்பதுதான் குடைகிறது.

போன வாரம் டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரையும் சராசரி மைலேஜையும் சேர்த்தே பூஜ்யமாக்கிவிட்டு ஓட்டினேன். 412 கிமீ ஓடியதும் டேஷில் சராசரி லிட்டருக்கு 10.4 கிமீ. அதே பங்க், அதே பம்ப், முதல் தடவை ஆட்டோ கட் ஆனதும் நிறுத்திவிட்டேன், 44.6 லிட்டர் பிடித்தது. வகுத்தால் 9.24. டேஷ் சொல்வது சரியென்றால் 39.6 லிட்டர்தான் குடித்திருக்க வேண்டும். மீதி 5 லிட்டர் எங்கே? நிறுத்துகிற இடத்தில் தரையில் ஒரு சொட்டு கூட இல்லை, குனிந்து பார்த்துவிட்டேன்.

டேஷ் பொய் சொல்வது எல்லா வண்டியிலும் சகஜம்தானா, இல்லை என் வண்டியில் ஏதாவது இருக்கிறதா?

நாலாவது கியர்:

சகஜம்தான் ஜி. எந்த வண்டியிலும் டேஷ் கொஞ்சம் தாராளமாகத்தான் காட்டும், நான் ஓட்டிய நாலு வண்டியில் ஒன்று கூடக் குறைத்துக் காட்டியதில்லை. கூடக் காட்டினால் யாரும் சர்வீஸ் சென்டர் வாசலில் வந்து நிற்கப் போவதில்லை, குறைத்துக் காட்டினால் நிற்பார்கள், அவ்வளவுதான் விஷயம். கம்பெனி விளம்பரத்தில் போடுகிற எண்ணே ரோட்டில் வராது என்று ஐரோப்பிய ஆணையமே ஒப்புக்கொண்டிருக்கிறது, 2021இல் பதிவான வண்டிகளிடமிருந்து எடுத்த கணக்கில் பெட்ரோல் கார்கள் சோதனைச்சாலை எண்ணைவிட 23 சதவீதத்துக்கு மேல் கூடக் குடித்திருக்கின்றன. அதைப் பார்த்தால் உங்கள் 12 சதவீதம் ஒன்றுமே இல்லை. நிம்மதியாக ஓட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை:

நாலாவது கியர் நண்பரே, நீங்கள் சொல்வது வேறு கணக்கு. அது சோதனைச்சாலை எண்ணுக்கும் ரோட்டுக்கும் உள்ள இடைவெளி, ஓட்டும் விதம், ஏசி, போக்குவரத்து எல்லாம் அதற்குள் வரும். இவர் கேட்பது ஒரே ஓட்டம், ஒரே ஓட்டுநர், ஒரே 412 கிமீ. டேஷ் ஓட்டிய விதத்தையும் சேர்த்துத்தானே பார்த்துக்கொண்டிருந்தது? அப்புறம் ஏன் வித்தியாசம் வர வேண்டும் என்பதுதான் கேள்வி.

முதலில் டேஷுக்கு அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகிற பெட்ரோலை அளக்க வழியில் எந்த மீட்டரும் கிடையாது. டேங்க் மிதவையையும் இந்தக் கணக்குக்குப் பெரிதாக நம்புவதில்லை, வளைவில் திரும்பினாலே பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி ஆடும். இன்ஜினை நடத்தும் கணினியான ஈசியூவுக்குத் தெரிந்தது ஒன்றுதான், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை எத்தனை மில்லி செகண்ட் திறந்து வைக்கச் சொன்னேன் என்பது. இந்த அழுத்தத்தில் இந்த இன்ஜெக்டர் ஒரு மில்லி செகண்டுக்கு இவ்வளவு தெளிக்கும் என்று பட்டறையில் எழுதி வைத்த எண் உள்ளே இருக்கிறது. இரண்டையும் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் லிட்டர். அதாவது டேஷ் காட்டுவது குழாயைத் திறந்து வைத்த நேரத்தை, குடத்தில் விழுந்த தண்ணீரை இல்லை. இன்ஜெக்டர் கொஞ்சம் தேய்ந்திருந்தாலோ, அழுத்தம் கொஞ்சம் கூடியிருந்தாலோ அதே நேரத்தில் கூடுதலாகப் போகும், டேஷுக்கு அது தெரியவே தெரியாது.

கைக்கணக்கிலும் பிழை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆட்டோ கட் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நிற்காது, வண்டி லேசாகச் சாய்ந்து நின்றாலே ஒரு லிட்டர் முன்னே பின்னே ஆகும். 44 லிட்டரில் ஒரு லிட்டர் என்றால் 2 சதவீதம் சொச்சம். அதனால் ஒரு டேங்கை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். நாலைந்து டேங்க் தொடர்ந்து எழுதி, மொத்த கிமீயை மொத்த லிட்டரால் வகுங்கள். இதில் ஒரு வசதி, நடுவில் ஒரு தடவை குறைவாக நிரம்பியிருந்தால் அடுத்த தடவை அது தானாகச் சேர்ந்துவிடும், கடைசியில் மிஞ்சுவது முதல் நிரப்பலுக்கும் கடைசி நிரப்பலுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். ஒவ்வொரு டேங்க்கின் மைலேஜையும் தனித்தனியாகப் போட்டு அவற்றைக் கூட்டி வகுக்காதீர்கள், நிறைய பேர் செய்கிற தப்பு அது.

இருந்தாலும் 5 லிட்டரை ஆட்டோ கட் தலையில் கட்ட முடியாது. அது பெரிய தொகை.

ட்ராக் கிறுக்கன்:

ஸ்பீடோமீட்டரை மறந்துவிட்டீர்களே எல்லோரும். எந்த வண்டியிலும் ஸ்பீடோ கூடத்தான் காட்டும், சட்டமே அப்படித்தான். ஐநாவின் 39ஆம் எண் விதிப்படி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, கூட்டிக் காட்டினால் 10 சதவீதமும் அதன்மேல் மணிக்கு 4 கிமீயும் வரை பரவாயில்லை. 100இல் போகும்போது 114 என்று காட்டினாலும் விதிக்கு உட்பட்டதுதான். அப்போ கிமீ கூடுதலாக எண்ணப்படுகிறது, மைலேஜ் கூடுதலாகத் தெரிகிறது. முடிந்தது.

இன்னொன்று, டேஷை விடுங்கள், வண்டிக் கணினியின் தகவலைப் போனுக்கு அனுப்பும் ஓபிடி பிளக் ஒன்று வாங்கி மாட்டி போனில் ஆப் போட்டுப் பாருங்கள். நான் அதைத்தான் நம்புகிறேன். ட்ராக்கில் 20 நிமிடம் ஓட்டினால் டேஷ் 3.5 என்று பயமுறுத்தும், ஆப் 4க்கு மேல் காட்டும்.

கணக்குப்பிள்ளை:

கிறுக்கன் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், இரண்டுமே சரியில்லை.

ஸ்பீடோ முள்ளைத்தான் வேண்டுமென்றே கொஞ்சம் தூக்கி வைக்கிறார்கள். ஓடோமீட்டர் சக்கரம் சுற்றுவதை நேரடியாக எண்ணுகிறது, பொதுவாக அது முள்ளைவிட எவ்வளவோ ஒழுங்கு. அதைவிட முக்கியம், ஓடோமீட்டர் தப்பாகவே இருந்தாலும் இவருடைய கேள்விக்கு அது பதிலாகாது. டேஷும் அதே கிமீயை எடுத்துத்தான் வகுக்கிறது, இவரும் அதே கிமீயைத்தான் வகுத்திருக்கிறார். 412 தப்பென்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவு தப்பு. டேஷுக்கும் கைக்கும் வித்தியாசம் வருகிறதென்றால் அது லிட்டரில் மட்டும்தான் வர முடியும்.

ஆனால் கைக்கணக்குதான் உண்மையான மைலேஜ் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் டயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். 245/40 ஆர்18 போட வேண்டிய வண்டியில் பார்க்க நன்றாக இருக்கிறதென்று 255/35 ஆர்18 போட்டால், விட்டம் 653 மிமீயிலிருந்து 636 மிமீக்கு இறங்குகிறது, 2.7 சதவீதம். சக்கரம் அந்த அளவுக்குக் கூடுதலாகச் சுற்றும், ஓடோமீட்டர் அந்த அளவுக்குக் கூட எண்ணும், டேஷ், கை இரண்டிலும் மைலேஜ் ஏறிவிடும். வண்டி உண்மையில் ஒரு சொட்டும் மிச்சம் பிடித்திருக்காது. நெடுஞ்சாலையில் 50 கிமீ போனில் ஜிபிஎஸ் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

ஆப் விஷயம். மலிவான ஆப்கள் பல, இன்ஜினுக்குள் போகிற காற்றை மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரிலிருந்து எடுத்து, ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும் என்ற கணக்கில் 14.7 ஆல் வகுத்து, இவ்வளவு பெட்ரோல் போயிருக்கும் என்று ஊகிக்கின்றன. மெதுவாக ஓட்டும்போது அது ஓரளவுக்குச் சரி. ஆனால் ட்ராக்கில் காலை முழுக்க அழுத்தும்போது இன்ஜின் சூடு தாங்குவதற்காக ஈசியூ வேண்டுமென்றே பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். லாம்ப்டா, அதாவது பெட்ரோலுக்குத் தேவையான காற்றில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற எண், 0.85 என்றால் ஆப் நினைப்பதைவிட சுமார் 18 சதவீதம் கூடுதல். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் 14.7 என்ற எண்ணே பொருந்தாது, 10 சதவீதம் கலந்தாலே 14.1 பக்கம் வந்துவிடும். உங்கள் டேஷ் 3.5, ஆப் 4 என்றால் நான் டேஷைத்தான் நம்புவேன்.

ட்ராக் கிறுக்கன்:

சரி சரி, ஒத்துக்கொள்கிறேன். 3.5 என்று தெரிந்துகொண்டு வாழ்வதைவிட 4 என்று நம்பி வாழ்ந்தது நன்றாக இருந்தது.

ரெண்டு சீட்டு:

எல்லோருக்கும் நன்றி. டயர் கம்பெனி சொன்ன அளவுதான், மாற்றவில்லை. ட்யூனிங் எதுவும் செய்ததில்லை.

கணக்குப்பிள்ளை சார் நாலைந்து டேங்க் என்று சொன்னதும் ஒன்று ஞாபகம் வந்தது. வண்டி வாங்கிய புதிதில் ஆர்வக்கோளாறில் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். தேடினால் கிடைத்தது, சீட்டுக்கு அடியில். ஐந்து டேங்க், மொத்தம் 2,036 கிமீ, 213.4 லிட்டர். கையில் 9.54. அப்போது டேஷ் சராசரி 9.9.

அதாவது இரண்டு வருடம் முன்னால் வித்தியாசம் 4 சதவீதம்தான் இருந்திருக்கிறது. இப்போது 12க்கு மேல். பாதை அதே பாதைதான், கால் அதே கால்தான். கையில் பார்த்தால் மைலேஜ் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, டேஷில் பார்த்தால் ஏறியிருக்கிறது! வண்டி பழகிவிட்டது, நானும் நிதானமாக ஓட்டுகிறேன் போலிருக்கிறது என்று இத்தனை நாள் எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டிருந்தேன்.

பழைய பிஸ்டன்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போதுதான் கதை சூடு பிடிக்கிறது.

தம்பி, டேஷ் காரணமில்லாமல் முன்னேறினால் சந்தோஷப்படக் கூடாது. கணக்குப்பிள்ளை சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், டேஷ் பார்ப்பது இன்ஜெக்டர் திறந்திருந்த நேரம். உங்கள் டேஷ் முன்பைவிடக் குறைவான பெட்ரோல் என்கிறதென்றால், ஈசியூ இன்ஜெக்டரை முன்பைவிடக் குறைவான நேரம் திறக்கிறது என்று அர்த்தம். அது தானாக ஏன் குறைக்கும்? புகைக்குழாயில் இருக்கிற ஆக்ஸிஜன் சென்சார், பெட்ரோல் அதிகமாக இருக்கிறது, குறை, குறை என்று சொல்லிக்கொண்டே இருந்தால் குறைக்கும். இன்ஜெக்டர் கணக்கில் வராமல் வேறு எங்கிருந்தோ பெட்ரோல் உள்ளே வருகிறதா, அல்லது இன்ஜெக்டரே சொன்னதைவிடக் கூட ஊற்றுகிறதா, இரண்டில் ஒன்று.

கிறுக்கன் சொன்ன அதே ஓபிடி பிளக்கை வாங்குங்கள், மைலேஜ் பார்க்க இல்லை. அதில் லாங் டெர்ம் ஃபியூல் ட்ரிம் என்று ஒரு வரி வரும், ஈசியூ தன் அடிப்படைக் கணக்கிலிருந்து பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (ப்ளஸ்) அல்லது குறைக்கிறது (மைனஸ்) என்பது அது. வி6 என்றால் மூன்று மூன்று சிலிண்டராக இரண்டு பேங்க், இரண்டு எண். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது, ஒரு தடவை, சீரான வேகத்தில் ஒரு தடவை எழுதி இங்கே போடுங்கள். ப்ளஸ் மைனஸ் 5க்குள் இருந்தால் நான் சொன்னதெல்லாம் வெறும் பேச்சு என்று விட்டுவிடலாம்.

இரண்டு கேள்வி. சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு பத்து நிமிடத்தில் திரும்ப ஸ்டார்ட் செய்தால் இழுத்து இழுத்துப் பிடிக்கிறதா? பானெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாசனை வருகிறதா?

ரெண்டு சீட்டு:

சூட்டில் ஸ்டார்ட் ஆக நாலைந்து செகண்ட் எடுக்கிறது, உண்மைதான், பேட்டரி வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாசனை... பழைய வண்டி, எப்போதும் ஏதாவது வாசனை வரும், எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ட்ரிம் பார்த்தேன்.
ஐடிலில் பேங்க் 1: −14, பேங்க் 2: −13.
80 கிமீ வேகத்தில் சீராகப் போகும்போது −6, −5.

மெக்கானிக்கிடம் போனில் சொன்னேன், ஆக்ஸிஜன் சென்சார் இரண்டையும் மாற்றிவிடலாம் என்றார்.

பழைய பிஸ்டன்:

ஒரு சாமானும் வாங்காதீர்கள், பொறுங்கள். இரண்டு சென்சாரும் ஒரே நேரத்தில் ஒரே அளவுக்குக் கெடுவது அபூர்வம். இரண்டு பேங்க்கும் ஒரே மாதிரி மைனஸ் காட்டுகிறதென்றால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. ஒரு இன்ஜெக்டர் ஒழுகினால் அது இருக்கிற பேங்க் மட்டும்தான் இறங்கும். ஐடிலில் 14, ஓட்டத்தில் 6 என்பதையும் கவனியுங்கள். ஐடிலில் இன்ஜினுக்குத் தேவையே கொஞ்சம்தான், உறிஞ்சும் வேகம் அதிகம். அப்போது ஒரு சின்ன ஒழுகல் கூடப் பெரிய சதவீதமாகத் தெரியும்.

அந்தக் காலத்து வண்டி என்பதால் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ஃபியூல் ரெயில் முனையில், பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டர் இருக்க வாய்ப்பு அதிகம். எலுமிச்சை அளவில் ஒரு உலோகக் குப்பி, அதன் தலையிலிருந்து மெல்லிய ரப்பர் ட்யூப் ஒன்று, இன்ஜினுக்குக் காற்று போகிற இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும். குப்பிக்குள்ளே ஒரு ரப்பர் தோல். தோலுக்கு ஒரு பக்கம் பெட்ரோல், மறு பக்கம் அந்த ட்யூபின் வெற்றிடம். தோல் கிழிந்தால் இன்ஜின் அந்த ட்யூப் வழியாகப் பெட்ரோலை நேராக உறிஞ்சிவிடும், உறிஞ்சு குழல் போட்டுக் குடிப்பது போல. இன்ஜெக்டரைத் தொடாமல் போகிற பெட்ரோல் அது, டேஷுக்கு எப்படித் தெரியும்? சொட்டு முழுக்க உள்ளேயே எரிந்துவிடுவதால் தரையிலும் ஒன்றும் இருக்காது.

பார்ப்பது சுலபம். ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். சூடு கொஞ்சம் இறங்கட்டும், பக்கத்தில் பீடி, சிகரெட், தீப்பொறி எதுவும் கூடாது. ரெகுலேட்டர் தலையிலிருந்து அந்த ட்யூபைக் கழற்றுங்கள். அது உள்ளே காய்ந்து இருக்க வேண்டும். ஈரம் இருந்தால், ஒரு துளி என்றாலும், ரெகுலேட்டர் போய்விட்டது. காய்ந்திருந்தால் அப்புறம் அழுத்தத்தை அளக்க வேண்டும். டேங்குக்குத் திரும்பிப் போகிற லைன் எங்காவது நசுங்கியிருந்தாலும் அழுத்தம் ஏறி இதே மாதிரி காட்டும்.

நாலாவது கியர்:

நான் சகஜம் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் வண்டியில் அந்தக் குப்பியே காணோமே?

பழைய பிஸ்டன்:

புது வண்டிகளில் பெரும்பாலும் ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே பம்போடு இருக்கும், இந்த வெற்றிட ட்யூப் கிடையாது. உங்களுக்கு இந்த நோய் வராது, வேறு நோய் வரும்.

ரெண்டு சீட்டு:

ஈரம்.

கழற்றியதும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. ட்யூபைக் கவிழ்த்து வெள்ளைக் காகிதத்தில் தட்டினேன், இரண்டு சொட்டு விழுந்து பரவி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் மட்டும் லேசாக மஞ்சள் கட்டி ஆவியாகிவிட்டது. வாசனையில் சந்தேகமே இல்லை. ட்யூப் உள்புறம் ஊதிப்போய் மெத்தென்று இருக்கிறது, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. ரெகுலேட்டரும் ட்யூபும் சொல்லியிருக்கிறேன், வந்ததும் மாட்டிவிட்டு எழுதுகிறேன். அதுவரை வண்டியை எடுக்கப் போவதில்லை.

பழைய பிஸ்டன்:

எடுக்காதீர்கள். மாட்டியதும் இன்ஜின் ஆயிலையும் ஒரு தடவை மாற்றிவிடுங்கள், குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாசனை அடித்தால் ஆயில் நீர்த்திருக்கிறது. இத்தனை நாள் நிறுத்திய பிறகும் உள்ளே ஒழுகியிருக்கும். பழைய ட்ரிம்மையும் ஓபிடியில் அழித்துவிட்டுப் புதிதாகக் கற்றுக்கொள்ள விடுங்கள்.

ரெண்டு சீட்டு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ரெகுலேட்டர், ட்யூப், ஆயில் மூன்றும் மாற்றியாகிவிட்டது. ஆயிலில் வாசனை இருந்தது. ட்ரிம் இப்போது இரண்டு பேங்க்கிலும் −1, −2. சூட்டில் சாவியைத் திருப்பினதும் பிடிக்கிறது, பேட்டரி பாவம், அதன்மேல் பழி போட்டிருந்தேன்.

நேற்றைய டேங்க்: 389 கிமீ, 40.9 லிட்டர், கையில் 9.51. டேஷ் 9.9.

டேஷில் மைலேஜ் குறைந்ததைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். ஒன்றே ஒன்று, பழைய 4 சதவீதம் அப்படியே இருக்கிறது. அதையும் துரத்த வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:

அதை விட்டுவிடுங்கள். இன்ஜெக்டருக்கு இன்ஜெக்டர் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், பெட்ரோல் 10 டிகிரி சூடேறினால் கன அளவு சுமார் 1 சதவீதம் விரியும், டேங்கில் ஆவியாகிறது, அந்த ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா வழியாக இன்ஜினுக்குப் போய் எரிகிறது, அதுவும் இன்ஜெக்டர் கணக்கில் வராது. எல்லாம் சேர்ந்தால் 4 வந்துவிடும். ஐரோப்பாவில் 2021 முதல் புது வண்டிகள் தாங்கள் குடிப்பதைத் தாங்களே பதிவு செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது, அதிலேயே 5 சதவீதம் வரை பிழையை அனுமதிக்கிறார்கள். உங்கள் 2002 மாடல் அதற்குள் நிற்கிறது.

எண் ஒத்துப்போனால்தான் தூக்கம் வரும் என்றால், சில வண்டிகளில் மீட்டருக்குள் மறைவான மெனு ஒன்றில் திருத்தக் காரணி இருக்கும். பிஎம்டபிள்யூ ஈ46 வைத்திருப்பவர்கள் இதை அடிக்கடி செய்வார்கள், அதில் 1000 என்பது இயல்பு நிலை, டேஷ் 4 சதவீதம் குறைவாகக் குடிப்பதாகக் காட்டினால் 1040 என்று மாற்றிவிடுவார்கள். உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று மேனுவல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பிஸ்டன்:

மாற்றாதீர்கள் தம்பி. 4 என்பது உங்கள் வண்டியின் கணக்கு என்று நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது 7 ஆனால் வந்து சொல்லுங்கள்.

ட்ராக் கிறுக்கன்:

நானும் இன்று ட்ரிம் பார்த்தேன். பேங்க் 1 +11. இது நல்லதா கெட்டதா?

பழைய பிஸ்டன்:

தனி இழை தொடங்குங்கள். ஐடிலில் எவ்வளவு, 80இல் எவ்வளவு, இரண்டையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.